பெட்டியில் போட்டால் பணம்!

உங்கள் வீட்டில் விவசாயம் நடக்கிறதா?

"நன்றாயிருக்கிறது கேள்வி! நாங்கள் குடியிருப்பது மாம்பலத்தில் மூன்றாவது மாடி. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கே கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது; விவசாயமாம் விவசாயம்!" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். இராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் மகளோ மகனோ போர்வைக்குள் வெளிச்சம் தெரியப் படுத்திருக்கிறார்களே, அந்தப் போர்வையை மெள்ள விலக்கிப் பாருங்கள். உள்ளங்கை அகலத் திரையில் ஒரு பொம்மை மனிதன் மண்வெட்டியும் கையுமாக நிற்பான். நிலத்தைக் கொத்துவான், விதை போடுவான், பூவாளியால் தண்ணீர் ஊற்றுவான், கோழிக்குத் தீனி வைப்பான். தான் குடித்த காப்பித் தம்ளரைக் கழுவி வைக்காத நம் பெண், அந்தப் பொம்மை மாட்டுக்குப் புல் வைக்காமல் தூங்கமாட்டாள்!

என் வீட்டிலும் இதே கதைதான். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த விளையாட்டுகளின் பூர்வோத்தரம் கொஞ்சம். ஜப்பானில் யசுஹிரோ வாடா என்று ஒருவர். மியாசாகி என்ற நாட்டுப்புறப் பகுதியில் வளர்ந்தவர். பிழைப்புக்காக டோக்கியோவுக்கு வந்தார். பட்டணத்து இரைச்சலில் சொந்த ஊர் ஞாபகம் வந்து வாட்டியது. ஊரை நினைத்து அழுகிறவர்கள் உண்டு, பாட்டு எழுதுகிறவர்கள் உண்டு. இவர் ஒரு வீடியோ விளையாட்டைச் செய்துவிட்டார். 1996-ஆம் வருஷம் வெளிவந்த அந்த 'ஹார்வெஸ்ட் மூன்' விளையாட்டில் துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. பாழடைந்து கிடக்கும் பண்ணையைத் திருத்திப் பயிர் வைக்க வேண்டியது, அவ்வளவே. பிற்பாடு வந்த பண்ணை விளையாட்டுகள் பலவற்றுக்கு இதுவே முன்னோடி.

பிறகு 2009-இல் 'ஃபார்ம்வில்' வந்தது. அது பிள்ளைகளை மட்டுமா பிடித்தது? சாட்சாத் நம்மையே பிடித்துக்கொண்டது! நானும் ஆடியவள்தான், ஒப்புக்கொள்வதில் வெட்கம் என்ன? ஸ்ட்ராபெர்ரி விதைத்தால் நாலு மணி நேரத்தில் பழுக்கும். நேரத்துக்குப் பறிக்காவிட்டால் வாடிப்போகும். அதற்காக அலாரம் வைத்து எழுந்தவர்களை எனக்குத் தெரியும். 2010-இல் மாதம் எட்டுக் கோடிப் பேருக்கு மேல் அதை ஆடினார்கள். பல்கேரியாவில் பிளோவ்டிவ் என்ற நகரத்தில் நகரசபைக் கூட்டத்தின் நடுவிலேயே ஓர் அங்கத்தினர் பால் கறந்துகொண்டிருந்தாராம், திரையில்தான்! அதற்காக அவரை ஒரு கமிட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அந்த ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடப்பட்டது. எத்தனையோ கோடி ஏக்கர் ஒரே இராத்திரியில் மாயமாயிற்று. ஒருவரும் ஒப்பாரி வைத்ததாகத் தெரியவில்லை.

என் மகள் ஆடுவது 'ஸ்டார்டியூ வேலி'. இந்த 'வேலி' நம் முள்வேலி அல்ல. பள்ளத்தாக்கு என்று அர்த்தம். எரிக் பரோன் என்ற அமெரிக்க வாலிபர் படம், பாட்டு, கணக்கு எல்லாம் ஒற்றை ஆளாகச் செய்து, நாலரை வருஷம் உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். 2024 முடிவதற்குள் நாலு கோடிப் பிரதிக்கு மேல் விற்றுவிட்டது. கதை என்னவென்று கேளுங்கள்: ஆபீஸ் வேலையில் சலித்துப்போன ஒருவருக்குத் தாத்தா ஒரு கடிதம் விட்டுப்போயிருக்கிறார். 'பள்ளத்தாக்கில் நம் நிலம் இருக்கிறது, போய்ப் பார்' என்பது அதன் சாரம். பேரப்பிள்ளை பஸ் ஏறிப் போகிறது. கையில் 500 காசு. வரவேற்பாகக் கிடைத்த பதினைந்து விதை. அங்கேதான் விளையாட்டு ஆரம்பம்.

ஒரு நாள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் மகள் கேட்டாள்: "ஏம்மா, நமக்கும் பள்ளத்தாக்கிலே தாத்தா நிலம் இருக்கில்லே?"

எனக்குச் சுருக்கென்றது.

இருக்கிறது. கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் தகப்பனார் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருந்தார். கடிதம் ஏதும் எழுதிவைக்கவில்லை. ஒரு கிணறும், கல்தூண் பந்தலும், கொஞ்சம் கடனும் வைத்துவிட்டுப் போனார். அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். நான் வருஷத்துக்கு ஒரு முறை போய் இரண்டு பெட்டிப் பழத்தோடு திரும்பிவந்து, "எங்கள் தோட்டத்துப் பழம்" என்று மாடிக்காரர்களுக்கெல்லாம் விநியோகித்துப் பெருமை அடித்துக்கொள்வேன். என்னுடைய விவசாயம் அவ்வளவோடு சரி.

2023-ஆம் வருஷம் தீபாவளி விடுமுறைக்கு மகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அகலப்பாதை வேலைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் ரயிலையே காணாமலிருந்த தேனிக்கு 2022-இல் மதுரையிலிருந்து ரயில் வந்தது; 2023 ஜூனில் சென்னையிலிருந்தே போடிக்கு ரயில் விட்டுவிட்டார்கள். காலையில் தேனியில் இறங்கிப் பஸ் பிடித்தோம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று தெற்கே போகப் போக, இரண்டு பக்கமும் மலை நம்மோடு கூடவே வரும். மேற்கே ஏல மலை, கிழக்கே மேகமலை. நடுவில் இருக்கிற பச்சைதான் கம்பம் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் லோயர் கேம்ப். அங்கிருந்து சாலை மலையேறிக் குமுளிக்குப் போய்விடுகிறது.

இந்தப் பச்சைக்குக் காரணம் ஓர் இங்கிலீஷ்கார இஞ்சினீயர். மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னி குயிக். 1895-இல் தண்ணீர் வந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறதென்றால் அந்தத் தண்ணீரால்தான். அவருடைய பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலோடு பொங்கலாய் அவருக்கும் பானை வைக்கிற பாலார்பட்டி இந்தப் பள்ளத்தாக்கிலேதான் இருக்கிறது.

நெல் என்றதும் இன்னொரு விளையாட்டு ஞாபகம் வருகிறது. 2020-இல் ஜப்பானியர் 'சகுனா' என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஒரு பெண் தெய்வம் நெல் பயிரிடுகிறாள். உழவு, நாற்று, நீர் அளவு, அறுப்பு, உலர்த்தல், உமி நீக்கல் எல்லாம் முறைப்படி செய்தால்தான் அவளுக்குப் பலம் கூடும். ஆட வந்தவர்கள் திண்டாடிப்போய், தங்கள் தேசத்து விவசாய இலாகா வெளியிட்டிருந்த நெல் சாகுபடிக் குறிப்புகளைத் தேடிப் படித்தார்களாம்! விதையை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் பதரை ஒதுக்குகிற பாடமும் அதில் உண்டு. இது நமக்குப் புதிதா? முட்டை மிதக்கிற பதத்துக்கு உப்பைக் கரைத்து விதை நெல்லைச் சோதிப்பது தமிழ்நாட்டு உழவருக்குத் தெரிந்த கைப்பாடம்தானே!

நிற்க. தோட்டத்துக்குப் போவோம்.

திராட்சைத் தோட்டத்தை நீங்கள் பார்த்ததுண்டோ? ஆள் உயரத்துக்கு மேல் கல்தூண்கள். அவற்றின் மேல் கம்பி வலை. வலை முழுவதும் கொடி. உள்ளே நுழைந்தால் பச்சைக் கூரை போட்ட கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கும். தலைக்கு மேலே கறுப்புக் கொத்துகள் வரிசை வரிசையாகத் தொங்கும். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பழத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் என்று பல ஊர்களில் இதே பந்தல்தான். ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

என் மகள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். "மாமா, இது வைத்து எத்தனை நாள் ஆச்சு?"

"நாளா? இந்தக் கொடிக்கு உன்னைவிட நாலு வயசு கம்மி, தாயி" என்றார் அண்ணன்.

அவள் விளையாட்டிலும் திராட்சை உண்டு. இலையுதிர் காலத்தில் நட்டால் பத்தாம் நாள் பழம். பிறகு மூன்று நாளைக்கு ஒரு தரம் பறித்துக்கொண்டே இருக்கலாம். குளிர் காலம் பிறந்தால் கொடி செத்துப்போகும். இங்கே குச்சி நட்டுப் பந்தலேற்றி முதல் பழம் பார்க்க ஒன்றரை வருஷமாவது ஆகும். அப்புறம் ஒவ்வொரு கவாத்துக்கும் பிறகு ஏறக்குறைய 120 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் ஓர் அதிசயம்: கொடியை எப்போது வெட்டுகிறோமோ அதிலிருந்து கணக்கு ஓடுவதால், வருஷத்தில் இரண்டு, மூன்று முறைகூடப் பழம் எடுக்கிறார்கள். ஆகையால் வருஷம் முழுவதும் இந்தப் பள்ளத்தாக்கில் எங்கேயாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும்.

அன்று தோட்டத்தில் ஐந்தாறு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கொத்தில் நசுங்கினது, பிஞ்சில் வெம்பினது எல்லாவற்றையும் கத்தரியால் எடுத்துக்கொண்டே போக வேண்டும். என்ன பெரிய வேலை என்று தோன்றும். கையைத் தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை அண்ணாந்து, கால் மணி நேரம் நின்று பாருங்கள்! என் மகள் பத்து நிமிஷத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறவர்கள். "பழகிடுச்சு கண்ணு. இராத்திரி படுத்தா மட்டும் தோள் இரண்டும் யாரோடதோ மாதிரி இருக்கும்" என்றார் ஒரு அம்மாள். விளையாட்டில் பொம்மைக்குப் பலம் குறைந்தால் திரையோரத்தில் ஒரு கோடு இறங்கும். எதையாவது தின்னக் கொடுத்தால் ஏறிவிடும். அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு கோடு இருந்தால் எந்த மட்டத்தில் நிற்குமோ!

இந்த ஆட்கள் கிடைப்பதே கஷ்டம் என்று மதினி சொன்னார். விடியுமுன்பே ஜீப்புகள் வந்து பள்ளத்தாக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறிவிடுகின்றன. மிச்சமிருக்கிறவர்களைத்தான் திராட்சைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு அழைக்க வேண்டும்.

வியாபாரி முன்னதாகவே வந்து தோட்டத்தைப் பார்த்து, விலை பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தீபாவளி கழிந்த நாலாம் நாள் வெட்டு. அந்தப் பணத்தை எதற்கெதற்கு என்று அண்ணன் ஏற்கெனவே பங்கு பிரித்து வைத்திருந்தார்: மருந்துக் கடை பாக்கி, மூத்த பையனின் கல்லூரிக் கட்டணம், அடகில் இருக்கிற மதினியின் வளையல்.

மறுநாள் சாயங்காலம் மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தில் சடசடவென்று நாலு பெரிய தூற்றல். என் மகள் துள்ளி எழுந்து, "ஹையா, மழை!" என்று கை தட்டினாள்.

வீடு நிசப்தமாகிவிட்டது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த மதினியின் கை அப்படியே நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன? அவள் பள்ளத்தாக்கில் மழை பெய்தால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம். ஆனந்தமாக மீன் பிடிக்கப் போகலாம். நமக்கும் சின்ன வயதிலிருந்து, மழை என்றால் விவசாயிக்குக் கொண்டாட்டம் என்றுதானே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! பழுத்து நிற்கிற திராட்சைக்கு மட்டும் மழை எமன். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. வேரும் தோலும் உறிஞ்சுகிற தண்ணீரில் பழம் உள்ளே பருத்துக்கொண்டே போகும், தோல் தாங்காது, பட்டென்று வெடித்துவிடும். ஒரு பழம் வெடித்துச் சாறு வழிந்தால் போதும், குளவியும் ஈயும் பூஞ்சைக்காளானும் அடுத்த பழத்துக்குப் போய்விடும்.

மூன்று நாள் பெய்தது. நாலாம் நாள் வியாபாரி வந்தார். பந்தலுக்குள் நுழையக்கூட இல்லை. வெளியிலிருந்தபடியே அண்ணாந்து பார்த்தார். பேசின விலையில் பாதிகூடச் சொல்லவில்லை. அவரையும் நோக முடியாது. வெடித்த பழம் மலையேறிக் கேரளம் போய்ச் சேருவதற்குள் சாறாகிவிடும். அண்ணன், "சரி, வெட்டிக்கிடுங்க" என்றார். அவ்வளவுதான். நான்கு மாத வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

அன்று இராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, "கொடியை எல்லாம் எடுத்துட்டுத் தென்னை வச்சுரலாம்னு இருக்கேன்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நிலத்தில் எனக்கும் ஒரு சொல் உண்டு என்று அவர் நினைப்பு. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வருஷத்துக்கு இரண்டு பெட்டிப் பழம் வாங்கிப் போகிறவளுக்கு அதில் என்ன அபிப்பிராயம் சொல்ல யோக்கியதை?

என் மகள் மெதுவாக வந்து நின்றாள். "மாமா, நான் ஹையான்னு சொல்லிட்டேன்…" கண்ணில் தண்ணீர்.

அண்ணன் சிரித்துவிட்டார். "அட, நீ சொல்லியா மழை பெஞ்சுச்சு? வா, உக்காரு. அப்படி என்னதான் அந்த வெளாட்டுல இருக்குன்னு காட்டு."

வாசகர்களே, அடுத்த ஒரு மணி நேரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முப்பது வருஷமாக மண்ணில் நிற்கிற மனிதர், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொம்மையை வயலில் நடத்தினார். விதைக் கடைக்குள் போனதும் முதல் கேள்வி: "கடன் குடுப்பானா?"

"மாட்டான் மாமா, ரொக்கம்தான்."

"ம். கூலி எவ்வளவு?"

"கூலியே இல்லை. எல்லாம் நானே செய்வேன்."

"மருந்து?"

"அது இல்லை. காக்கா மட்டும் வரும். சோளக்கொல்லைப் பொம்மை வெச்சா வராது."

திராட்சையை நட்டுப் பார்த்தார். குச்சிப் பந்தல் முளைத்தது. ஆனால் பொம்மையால் அதற்குள் நுழைய முடியவில்லை, முட்டிக்கொண்டு நின்றது. "பந்தலுன்னா அடியில நடக்கத்தானே! இதைப் போட்டவன் பந்தலுக்குள்ளாற போனதே இல்லை போல" என்று அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இராத்திரி இரண்டு மணியானால் பொம்மை மயங்கி விழுந்துவிடும் என்றாள் என் மகள். "மும்முனைக் கரண்டு இராத்திரிதான் வரும்னு இருந்த காலத்துல, நான் மோட்டார் போட எந்திரிக்கிற நேரம் அது" என்றார்.

பழம் பறித்தாயிற்று. எங்கே விற்பது? வீட்டு வாசலில் ஒரு மரப்பெட்டி. விளைந்ததை அதில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் பணம் கணக்கில் ஏறியிருக்கும். இதைக் கேட்டதும் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பெட்டியில போட்டாப் பணமா? யார் வெலை சொல்றது?"

"யாரும் சொல்றதில்லை மாமா. பழம் நல்ல தரமா இருந்தா கொஞ்சம் கூடக் கிடைக்கும். மத்தபடி விலை எப்பவும் ஒண்ணுதான்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "அந்தப் பெட்டி எங்கே கிடைக்கும்னு கேட்டுச் சொல்லு தாயி. ஒண்ணு வாங்கி வாசல்ல போட்டுருவோம்" என்றார். மதினிகூட அன்று முதல் தடவையாகச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அத்தோடு முடிந்தது என்றிருந்தேன். அடுத்த பொங்கலுக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது, எனக்கல்ல, என் மகளுக்கு. "கவாத்துப் போடறோம். வர்றியா?" தென்னைக்கன்று வாங்குவதை அவர் ஒரு போகம் தள்ளிப் போட்டிருந்தார். பெண் தனியாகவே ரயிலேறிப் போய்விட்டாள்.

கவாத்து என்பது கொடியை வெட்டிவிடுகிற வேலை. எந்தக் குச்சியில் எத்தனை கண் விட்டு வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். இளைத்த குச்சியைக் குறுக்கி வெட்டி அடுத்த போகத்துக்கு வளரவிட வேண்டும்; திரண்ட குச்சியில் கண்ணை எண்ணி விட்டுப் பழத்துக்கு நிறுத்த வேண்டும். தப்பாக வெட்டினால் இலை வரும், பூ வராது. என் மகள் ஒரு நாள் முழுவதும் ஒரு வரிசை வெட்டினாள். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். "தப்பா வெட்டியிருந்தா எப்போ தெரியும் மாமா?" என்று கேட்டாளாம். "வெட்டுக்கு வர்றப்போ தெரியும்" என்று பதில். விளையாட்டில் தப்பு நேர்ந்தால் சேமிக்காமல் மூடிவிட்டு அன்றைய பொழுதையே மறுபடி ஆடிக்கொள்ளலாம் என்று என்னிடம் போனில் சொல்லிவிட்டு, "இங்கே அது இல்லேம்மா" என்றாள்.

போர்டோ கலவை கலக்கவும் கற்றுக்கொண்டாள். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். இரண்டையும் தனித்தனியே மண்பானையிலோ பிளாஸ்டிக் பீப்பாயிலோ கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். இரும்பு, தகரம் ஆகாது. சேர்த்ததும் பளபளப்பான கத்தி ஒன்றை அதில் முக்கி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். நம் சமையலில் பாகு பதம் பார்ப்பதில்லையா, அதுபோல! இந்த மருந்து பிறந்த கதையும் வேடிக்கைதான். பிரான்ஸ் தேசத்துப் போர்டோ பகுதியில், சாலையோரத் தோட்டங்களில் வழிப்போக்கர்கள் பழம் திருடாமலிருக்க இந்த நீலக் கலவையைக் கொடியில் தெளித்து வைப்பார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-இல் அதை மருந்தாகவே வெளியிட்டார். திருடனுக்காக வைத்தது கொடிக்கு வைத்தியமாயிற்று.

2024 கோடையில் அந்தப் போகம் வெட்டுக்கு வந்தது. மழை தொந்தரவு செய்யவில்லை. விலையும் சுமாராகப் பரவாயில்லை. வளையல் அடகிலிருந்து மீண்டது. என் மகள் கவாத்துப் போட்ட வரிசையில் மட்டும் பாதிக்கு இலைதான்! அண்ணன் அந்த வரிசையைப் படம் எடுத்து அனுப்பி, 'உன் தோட்டம்' என்று எழுதியிருந்தார்.

ஆனாலும் அவர் ஒரு ஏக்கர் கொடியை எடுத்துத் தென்னை வைத்துவிட்டார். இன்னொரு ஏக்கர் நிற்கிறது. "ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணு விட்டா ஒண்ணு" என்கிறார். அதுவும் நிச்சயமில்லை என்று எனக்குத் தெரியும். இன்னொரு ஐப்பசி மழை இதேபோல் பிடித்துக்கொண்டால் மிச்சக் கொடியும் போகும்.

இந்தப் பழத்தைக் கடையில் வாங்குகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய வெண்மை இருக்கிறதே, அதைக் கண்டு மருந்து என்று பயந்து ஓடாதீர்கள். அது பழமே பூசிக்கொள்கிற மெழுகு. அது கலையாமலிருந்தால் பழம் அதிகக் கைபடாதது என்று தெரிந்துகொள்ளலாம். நீலத்திட்டுத் தெரிந்தால் அது மருந்தாயிருக்கலாம். எப்படியிருந்தாலும் ஓடுகிற தண்ணீரில் நன்றாய் அலசியே தின்ன வேண்டும். காம்பு பச்சையாயிருக்கிறதா என்று பாருங்கள். பன்னீர் திராட்சை நாள்பட்டுத் தாங்காது. அன்றன்றைக்கு வேண்டியதை வாங்குங்கள். கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இரண்டு பழம் வெடித்திருக்கிறதே, விலையைக் குறை" என்று நான் முன்பெல்லாம் பேரம் பேசுவேன். இப்போது வாய் வருவதில்லை.

விளையாட்டை நான் திட்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லாவிட்டால் என் பெண் தாத்தா நிலத்தைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டாள். இன்னமும் ஆடுகிறாள். கம்பத்திலிருந்து ஒரு திராட்சைக் குச்சி கொண்டுவந்து மாடித் தொட்டியில் நட்டாள். விளையாட்டுப் பழக்கத்தில் தினந்தோறும் தண்ணீர் ஊற்றினாள். வேர் அழுகிச் செத்துப்போயிற்று. இரண்டாவது குச்சிக்கு, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறாள். அதற்கு ஏழு இலை வந்திருக்கிறது. பழம் என்ற பேச்சே இல்லை.

போன வாரம் சாயங்காலம் சென்னையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நான் மாடியில் துணி எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் என் மகள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மாமா, இங்கே மழை. அங்கே?"

அண்ணன் குரல் எனக்கும் கேட்டது. "மேகந்தான் தாயி. மலைக்கு அந்தப் பக்கம் போகுது."